‘காணவில்லை’ என்பது தீர்ப்பாகுமா?
மின்னூலகத் தேடலும் நபிமொழி ஆய்வு மரபும்

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் தமது ஆய்வேட்டின் ஓர் இயலைப் பார்வைக்குக் கொண்டுவந்தார். மதரஸாவில் ஓதியவரல்லர், பல்கலைக்கழக வழியில் அரபி கற்றவர். தமிழகத்து மேடைகளில் எடுத்தாளப்படும் நபிமொழிகளைத் திரட்டி அவற்றின் மூலங்களைக் காண்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். பொருளும் நன்று, உழைப்பும் இருந்தது. ஆனால் அட்டவணையில் இருபதுக்கும் மேற்பட்ட செய்திகளுக்கு நேராக ‘மூலம் இல்லை’ என்று எழுதியிருந்தார். அவற்றுள் ஒன்று ஈமானின் கிளைகளைப் பற்றியது. மக்கள் நடக்கும் வழியில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் அக்கிளைகளுள் ஒன்று என்பது அதன் கருத்து. ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற, ஓதத் தொடங்கிய பிள்ளைகளும் அறிந்த நபிமொழி அது!

எவ்வாறு தேடினீர் என்று வினவினோம். தமிழ்ச் சொற்பொழிவில் கேட்டதைத் தாமே அரபியாக்கி மின்னூலகத்தின் தேடற்கட்டத்தில் இட்டதாகச் சொன்னார். ‘அகற்றுதல்’ என்பதற்கு ‘இஸாலா’ என்றும், ‘வழி’ என்பதற்கு இக்கால அரபியில் தெருவைக் குறிக்கும் ‘ஷாரிஃ’ என்றும் எழுதியிருக்கிறார். நபிமொழியில் உள்ள சொற்களோ ‘இமாத்தா’, ‘தரீக்’ என்பன. கருவி தன் பணியைப் பழுதின்றிச் செய்தது: இட்ட சொற்கள் அந்த வரிசையில் எங்கும் இல்லை என்று அறிவித்தது. அதனை ‘அப்படியொரு செய்தியே இல்லை’ என்று பொருள்கொண்டது மட்டுமே மாணவரின் செயல்.

இதனை ஒரு மாணவரின் பிழையென்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. மிம்பரிலும் மேடையிலும் இதழ்களிலும் ‘தேடிப் பார்த்தோம், இல்லை’ எனும் சொல் இன்று சான்றாகவே வைக்கப்படுகிறது. நாற்பதாண்டுக் காலம் ஓதிக்கொடுத்த முதிய ஆலிம் ஒருவர் சொன்னதைப் பத்து நிமிடத் தேடலை வைத்து ‘இட்டுக்கட்டியது’ என்று சபையில் மறுக்கும் இளைஞரை நாம் கண்டதுண்டு. நபி (ஸல்) அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் கூறுவது எத்துணைப் பெரிய குற்றம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அவர்கள் சொன்னதைச் சொல்லவில்லை என்று மறுப்பதும் அமானிதத்தில் நேரும் குறைதான். ஆகவே, தேடுதல் எனும் கலையைச் சற்று நின்று ஆராய்வது நம் கடமையாகிறது.

கருவியின் சிறப்பு

முதலில் நன்றியைச் சொல்லிவிட வேண்டும். நாம் ஓதிய காலத்தில், ஒரு சொல்லைக் கொண்டு நபிமொழியின் இடத்தைக் காண வென்சிங்க் முதலான கீழைத்தேயவியலார் தொகுத்த ‘அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்’ எனும் சொல்லடைவே துணை. 1936 முதல் 1969 வரை ஏழு தொகுதிகளாக லெய்டன் நகரில் அச்சான நூல் அது. பெயரடைவுகளைக் கொண்ட எட்டாம் தொகுதி 1988-இல் வந்தது. ஆறு நூல்களோடு முவத்தா, தாரிமீ, முஸ்னத் அஹ்மத் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒன்பது நூல்களே அதன் எல்லை. அந்தத் தொகுதிகளைப் பார்க்க வேற்றூர் சென்று, நூலகரின் அனுமதிக்குக் காத்திருந்து, குறிப்பெடுத்துத் திரும்பியவர்கள் நம் தலைமுறையினர்.

இன்று ‘அல்மக்தபதுஷ் ஷாமிலா’ எனும் மின்னூலகம் ஆயிரக்கணக்கான அரபி நூல்களைக் கட்டணமின்றித் தருகிறது. தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹ், அறிவிப்பாளர் வரலாறு, அகராதி அனைத்தும் ஒரே கட்டத்தின் கீழ்த் தேடலுக்கு வருகின்றன. சிற்றூர் மக்தபில் இருக்கும் உஸ்தாதுக்கும் தலைநகரப் பேராசிரியருக்கும் ஒரே நூலகம் கிடைத்திருப்பது சிறிய செய்தியன்று. நம் குறை கருவியின் மேலன்று. கருவி வந்ததும் அதனோடு வரவேண்டிய பயிற்சி வரவில்லை என்பதே நம் குறை.

ஐந்து வாயில்கள்

நபிமொழியின் மூலத்தைக் காணும் ‘தக்ரீஜ்’ கலைக்கு நெறிநூல் எழுதிய அறிஞர் மஹ்மூத் அத்தஹ்ஹான், தேடும் வழிகளை ஐந்தாக வகுத்தார். அறிவிக்கும் ஸஹாபியைக் கொண்டு தேடுவது முதல் வழி. நபிமொழியின் முதற்சொல்லைக் கொண்டு தேடுவது இரண்டாவது. அதில் வரும் அரிய சொல்லைக் கொண்டு தேடுவது மூன்றாவது. பொருளைக் கொண்டு தேடுவது நான்காவது. வாசகத்திலும் அறிவிப்புத் தொடரிலும் காணப்படும் தனித்தன்மையைக் கொண்டு தேடுவது ஐந்தாவது.

இவ்வைந்துக்கும் நம் முன்னோர் தனித்தனிக் கருவிகள் செய்து வைத்துள்ளனர். இமாம் மிஸ்ஸீ (இறப்பு ஹி. 742) அவர்களின் ‘துஹ்ஃபதுல் அஷ்ராஃப்’ முதல் வாயிலுக்கு உரியது. அந்நூலைப் பம்பாயை அடுத்த பிவண்டியிலிருந்து 1965 தொடங்கிப் பதிப்பித்தவர் நம் நாட்டு அறிஞர் அப்துஸ் ஸமத் ஷரஃபுத்தீன். இமாம் சுயூத்தீயின் (இறப்பு ஹி. 911) ‘அல்ஜாமிஉஸ் ஸகீர்’ இரண்டாம் வாயில். மேற்சொன்ன சொல்லடைவு மூன்றாம் வாயில். பொருள்வாரியாகத் தேட, புர்ஹான்பூரில் பிறந்த அலீ முத்தகீ (இறப்பு ஹி. 975) அவர்களின் ‘கன்ஸுல் உம்மால்’ உண்டு. இட்டுக்கட்டப்பட்டவை, மக்கள் நாவில் புழங்குபவை என்று தன்மைவாரியாகத் தொகுத்த நூல்கள் ஐந்தாம் வாயிலுக்கு உரியவை.

மின்னூலகத்தின் தேடற்கட்டம் இவ்வைந்தனுள் மூன்றாவதையே பெரிதும் ஒத்தது. அதுவும் அரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முழுவதும் நம்மிடம் விட்டுவிடுகிறது. நம் மாணவர் முதல் வாயிலால் நுழைந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அபூஹுரைரா (ரலி) அவர்களிடமிருந்து அபூஸாலிஹ், அவரிடமிருந்து அப்துல்லாஹ் இப்னு தீனார் எனும் தொடரைத் ‘துஹ்ஃபா’வில் திறந்ததும், ஆறு நூல்களிலும் அந்த நபிமொழி இடம்பெற்ற இடங்கள் ஒரே பத்தியில் கிடைத்திருக்கும்.

அப்படிக் கிடைத்தபின்பும் கருதவேண்டியவை உண்டு. புகாரீயின் அறிவிப்பில் கிளைகளின் எண்ணிக்கை அறுபதுக்கும் சற்று மேல். வழியிலிருந்து தொல்லையை அகற்றும் பகுதி அங்கில்லை. முஸ்லிமில் எழுபதுக்குச் சற்று மேல் என்றும், அறுபதா எழுபதா எனும் ஐயத்தோடும் வருகிறது. அகற்றும் பகுதியும் அங்கு உண்டு. ஆகவே எண்ணைக் கொண்டு தேடியவர் ஒரு நூலை இழப்பார். அகற்றுதலைக் கொண்டு தேடியவர் மற்றொரு நூலை இழப்பார். தொல்லையை அகற்றுவது தர்மம் எனும் கருத்து புகாரீயில் ஜிஹாத் பற்றிய நூற்பகுதியில் வேறொரு நபிமொழியினுள் வருகிறது. அங்கு ‘இமாத்தா’ எனும் பெயர்ச்சொல் இல்லை. அதன் வினைவடிவமே இருக்கிறது.

ஏழிடங்களில் ஒன்று

அறியப்படாத நபிமொழியில்தான் இத்தகைய இடர் நேரும் என்று எண்ணவேண்டா. யாவரும் அறிந்த நிய்யத்தின் நபிமொழியையே எடுத்துக்கொள்வோம். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் அதனைத் தம் ஸஹீஹில் ஏழிடங்களில் கொணர்ந்துள்ளார்கள். நூலின் தொடக்கத்தில் செயல்களும் எண்ணங்களும் ஆகிய இரு சொற்களும் பன்மையில் உள்ளன. அந்த வடிவமே நம் மனத்தில் பதிந்தது. அதனை அப்படியே தொடராக இட்டுத் தேடினால், பரவலாக வழங்கும் பதிப்பின்படி ஏழனுள் முதலிடம் மட்டுமே அகப்படும். ஏனைய இடங்களில் ‘நிய்யாத்’ எனும் பன்மை ‘நிய்யா’ எனும் ஒருமையாகிறது. சில இடங்களில் ‘இன்னமா’ எனும் இடைச்சொல் இல்லை. திருமணம் பற்றிய நூற்பகுதியில் ‘அஃமால்’ எனும் பன்மையும் ‘அமல்’ என்று ஒருமையாகிறது. ஹிஜ்ரத் செய்தவர் மணக்க நாடிய பெண்ணைக் குறிக்கும் இடத்திலும், மணத்தலுக்கு ஓரிடத்தில் ஒரு வினைச்சொல்லும் மற்றோரிடத்தில் வேறொன்றும் வருகின்றன.

அறிவிப்பாளர்கள் பொருளைக் காத்துச் சொல்லை மாற்றி அறிவித்ததும், இமாம் புகாரீ ஒரே நபிமொழியைத் தலைப்புக்கேற்பப் பகுத்து அமைத்ததும் இதற்குக் காரணங்கள். நீண்ட தொடரை மேற்கோள் குறிகளுக்குள் அடைத்துத் தேடுவது, நூலின் இந்த இயல்பை அறியாமல் செய்யும் வேலை. இரண்டு அல்லது மூன்று தனிச்சொற்களைத் தேர்ந்து, அவை அருகருகே வரும் இடங்களைக் கேட்பதே தகும். ‘அல்லது’ எனும் இணைப்பால் மாற்றுச் சொற்களையும் சேர்த்துக் கேட்கவேண்டும். எங்கும் வரும் சொல் தேடலுக்கு உதவாது. அரிதாய் வரும் சொல்லே கைப்பிடி. தஹ்ஹான் மூன்றாம் வழியை ‘அரிய சொல்’ என்று வரையறுத்ததன் நுட்பம் இதுவே.

எழுத்தும் பெயரும்

அரபிச் சொல் தனித்து நிற்பதில்லை. முன்னால் வாவும் ஃபாவும் பாவும் லாமும் ஒட்டும். பின்னால் பிரதிப்பெயர் ஒட்டும். வேரிலுள்ள மெலிந்த எழுத்து மறைந்தும் திரிந்தும் வரும். அச்சிலும் வேறுபாடுகள் உண்டு: அலிஃபின் மேல் ஹம்ஸா இருக்கும், இராது. இறுதி யாவுக்கு எகிப்தியப் பதிப்புகள் பலவற்றில் புள்ளி இராது. வட்டத் தா சிலவிடத்து ஹாவாகவே நிற்கும். இவ்வேறுபாடுகளைப் பொருட்படுத்தாமல் தேடும் வசதி கருவியில் இருக்கிறதா, இயக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நம் தமிழ்ச் செவிக்கு இன்னுமோர் இடர் உண்டு. ‘இமாத்தா’ என்பதைக் காதால் கேட்டவர் அதன் தகரத்தை எந்த எழுத்தால் எழுதுவார்? கனத்த ‘தா’வால் எழுதினால் அகற்றுதல், மெல்லிய ‘தா’வால் எழுதினால் சாகடித்தல்! ஸீன், ஸாத், ஸா மூன்றும் நம் நாவில் ஒன்றாகிவிடுகின்றன. ஹா இரண்டும் அவ்வாறே. கேட்ட சொல்லைத் தேடுமுன் அகராதியில் வேரைக் காண்பது, நேரத்தை வீணாக்கும் வேலையன்று.

பெயர்களைத் தேடுவோர் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஸுஹ்ரீ, இப்னு ஷிஹாப், முஹம்மத் இப்னு முஸ்லிம் மூவரும் ஒருவரே. ஒரு பெயரால் மட்டும் தேடினால் அவருடைய அறிவிப்புகளில் பெரும்பகுதி கைநழுவும். மறுபுறம், ‘சுஃப்யான்’ என்று மட்டும் இட்டால் சுஃப்யான் ஸவ்ரீயும் (இறப்பு ஹி. 161) சுஃப்யான் இப்னு உயைனாவும் (இறப்பு ஹி. 198) கலந்து வருவர். முதற்பிழையில் வரவேண்டியது வராமற்போகிறது. இரண்டாவதில் வரக்கூடாதது வந்து சேர்கிறது. தேடற்கலை என்பது இவ்விரண்டுக்கும் நடுவே நடப்பது.

தாளும் திரையும்

அகப்பட்டதை எடுத்தாள்வதிலும் ஒழுங்கு தேவை. மின்னூலகத்தின் நூல்களில் சிலவற்றின் பக்க எண்கள் அச்சுப் பதிப்போடு பொருந்துவன. சில, கருவி தானே இட்டுக்கொண்ட எண்கள். நூலின் விவரக்குறிப்பிலேயே இது சொல்லப்பட்டிருக்கும். அதனைப் படிப்போர் குறைவு. ஸஹீஹுல் புகாரீக்கு 7563 வரை செல்லும் எண்முறை பரவலாக வழங்குகிறது. ஆயினும் வேறு எண்முறை கொண்ட பதிப்புகளும் உண்டு. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தருவது, தெருவின் பெயரைச் சொல்லாமல் வீட்டு எண்ணைத் தருவது போன்றது. தட்டச்சில் ஓர் எழுத்து விடுபடுவதும், பதிப்பாசிரியரின் அடிக்குறிப்பு மூலநூலாசிரியரின் கூற்றெனக் கொள்ளப்படுவதும் நேர்ந்துவருகின்றன. ஆகவே, திரையில் கண்டதை அச்சுப் பதிப்பின் படிமத்தில் ஒருமுறை ஒத்துப் பார்த்த பின்னரே எழுதவேண்டும்.

தமிழில் தேடுவோர்க்கு

அரபிக்குச் சொன்னது தமிழுக்கும் பொருந்தும். 1572-இல் மதுரையில் அரங்கேறியதாக அறியப்படும் வண்ணப் பரிமளப் புலவரின் நூலை ‘ஆயிர மசலா’ என்று தேடுவோர் பலர். ‘ஆயிரம் மசலா’ என்றும், ‘மஸ்அலா’ என்றும், ‘அதிசய புராணம்’ என்றும் அதே நூல் வழங்குவதை அறிந்து தேடுவோர் சிலரே. சாகிபு, சாயபு, சாஹிப். லெப்பை, லெவ்வை, லப்பை. காயல்பட்டணம், காயல்பட்டினம் என்று நம் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து மாறுவன. ஒரு வடிவத்தை இட்டுப் பார்த்து நம் புலவருக்கு நூலே இல்லை என்று முடிவுகட்டினால், இழப்பு நமக்கே.

1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய அச்சு நூல்களைக் கணினி படித்தெடுக்கும்போது பழைய ணை, லை, றா, னா வடிவங்களில் தடுமாறுகிறது. அத்தகைய நூலில் உள்ள சொல் தேடலில் வராதிருத்தல் இயல்பே. அரபுத்தமிழ் நூல்களின் நிலை இன்னும் கடினம்: எழுத்து அரபி, மொழி தமிழ். அரபி நூலென்று பட்டியலில் ஏறியிருக்கலாம். தமிழ் நூலென்றும் ஏறியிருக்கலாம். இரு பக்கமும் பார்க்கவேண்டும். ஆங்கில ஆய்வுத் தளங்களிலும் மரைக்காயர், லெப்பை எனும் பெயர்கள் பல்வகையாக எழுதப்படுகின்றன. பழைய கட்டுரைகளில் முஸ்லிம்களைக் குறிக்கவே வேறு சொற்கள் வழங்கின. அவ்வக்காலத்து வழக்கை அறிந்து கேட்பவருக்கே அத்தளங்கள் வாய்திறக்கும். நல்ல கட்டுரை ஒன்று அகப்பட்டால், அது எடுத்தாண்ட நூல்களையும், அதனை எடுத்தாண்ட பிற்காலக் கட்டுரைகளையும் பின்தொடர்வது, நூறு சொற்களை இட்டுப் பார்ப்பதினும் பயன் தரும்.

இல்லை என்பதும் உண்டு என்பதும்

இனி நம் தலைப்பின் வினாவுக்கு வருவோம். ஹனஃபீ மத்ஹபின் ‘ஹிதாயா’வில் வரும் நபிமொழிகளுக்கு மூலம் கண்டவர் இமாம் ஸைலயீ (இறப்பு ஹி. 762). அவருடைய ‘நஸ்புர் ராயா’வில், தாம் காணாத செய்தியை ‘கரீப்’ என்ற சொல்லால் குறித்துச் செல்வார். அந்நூலைச் சுருக்கிய ஹாஃபிழ் இப்னு ஹஜர் (இறப்பு ஹி. 852) அத்தகைய இடங்களில் தாம் அதனைக் காணவில்லை என்று தன்மை ஒருமையில் எழுதினார். பின்னர் அவருடைய மாணவர் காஸிம் இப்னு குத்லூபுகா (இறப்பு ஹி. 879) ஸைலயீ தவறவிட்டவற்றைத் தேடித் தொகுத்துத் தனி நூலே செய்தார். ஹதீஸ் கடலில் மூழ்கியவர் காணாததைப் பின்வந்தவர் கண்டார்! முன்னவரின் பெருமை அதனால் குறைந்ததுமில்லை. காரணம், ‘நான் காணவில்லை’ எனும் வாக்கியம் பின்வருபவருக்குக் கதவைத் திறந்துவைத்தது. ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் கதவு மூடப்பட்டிருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சீன தேசத்தைக் குறிப்பிட்டுக் கல்வி தேடத் தூண்டும் வாசகத்தை மின்னூலகத்தில் இட்டால் ஏராளமான இடங்கள் வரும். எண்ணிக்கையைக் கண்டு மகிழ்பவர், அவ்விடங்களுள் இப்னுல் ஜவ்ஸீ (இறப்பு ஹி. 597) அவர்களின் இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் தொகுப்பும் ஒன்று என்பதைக் காணத் தவறுவார். இமாம் பைஹகீயின் ‘ஷுஅபுல் ஈமானி’லும் அது உண்டு, அறிவிப்புத் தொடரின் பலவீனத்தைச் சுட்டியே அவர் அதனைப் பதிந்தார். மறுப்பதற்காக எழுதிய நூலிலும் வாசகம் இருக்கும். கருவிக்கு இரண்டும் ஒன்றே. அகப்படாமை பொய்க்குச் சான்றாகாததுபோல, அகப்படுதலும் மெய்க்குச் சான்றாகாது. இடம் காட்டுவது கருவியின் வேலை. எடைபோடுவது ஆலிமின் வேலை.

ஆகவே நம் அரபிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் ஒரு விண்ணப்பம். தக்ரீஜ் பாடத்தை அகராதி பார்க்கும் பயிற்சியோடு இணைத்து, ஐந்து வாயில்களையும் கையால் திறந்து பழகிய பின்னர் மாணவரைத் திரைக்கு அனுப்புங்கள். ஆய்வேட்டில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதும் ஒவ்வோரிடத்திலும் எந்த நூற்றொகுதியில், எந்தப் பதிப்பில், எந்தச் சொற்களால், எந்த நாளில் தேடப்பட்டது எனும் குறிப்பைக் கட்டாயமாக்குங்கள். அரைப் பக்கம் கூடும். ஆயினும் பின்வருபவர் அந்த இடத்திலிருந்து தொடரமுடியும்.

நம் மாணவர் அவ்வியலைத் திரும்ப எடுத்துச் சென்று நான்கு மாதம் கழித்துக் கொண்டுவந்தார். பாதிக்கு மேற்பட்ட செய்திகளுக்கு இடம் கிடைத்திருந்தது. சிலவற்றின் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்பதையும் இமாம்களின் கூற்றோடு காட்டியிருந்தார். எஞ்சியவற்றுக்கு நேராக ‘மூலம் இல்லை’ என்பதை அடித்துவிட்டு, தாம் தேடிய நூல்களையும் சொற்களையும் வரிசையாகக் குறித்து, ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். அந்த அட்டவணையில் நாம் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.